ஒன்பது நாற்பது என்று எழுதினேன்

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தொண்டை ஸ்ப்ரேயை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், டாக்டர். விசாரணைக் குழுவின் தலைவராக நீங்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கையின் பிரதி நேற்று என் கைக்கு வந்தது. பதினான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பரிந்துரை தவறானது. அதைத் திருத்த வேண்டுமானால் முந்தைய பக்கங்களிலும் சில இடங்களைத் திருத்த வேண்டியிருக்கும். அதற்கும் நானே உதவுகிறேன்.

எண்டோஸ்கோப்பி அறையில் நான் பத்தொன்பது வருடமாக நர்ஸ். வாய் வழியாக வயிற்றுக்குள் கேமராக் குழாயை விடுவதற்கு முன்னால் தொண்டை மரத்துப்போவதற்காக லிக்னோகெயின் ஸ்ப்ரே அடிப்போம். வாழைப்பழ வாசனை சேர்த்திருப்பார்கள், ஆனால் கசக்கும். ஸ்ப்ரே இல்லாமல் குழாயை விட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்களோ தெரியாது. ஆள் ஓங்கரிப்பார், கண்ணில் நீர் கொட்டும், குழாயைக் கையால் பிடித்து இழுப்பார். எழுபது வயதுக்காரருக்கு அந்த ஓங்கரிப்பிலேயே ரத்த அழுத்தம் எகிறிவிடும். ஒரு மனிதர் செத்தார் என்பதற்காக மற்ற வயதானவர்கள் எல்லாம் இந்தப் பாடு படுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகத்தான் முடியும்.

இந்த மருந்தின் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. மருந்தின் மேல் என்ன பிரியம் என்று சிரிப்பீர்கள். பல் பிடுங்கவும் வெட்டுக் காயத்தைத் தைக்கவும் இதை ஊசியாகப் போடுகிறோம். சிறுநீர்க் குழாய் வைக்கும்போது ஜெல்லியாகத் தடவுகிறோம். வாய்ப்புண் வந்து எதையும் விழுங்க முடியாமல் தவிப்பவருக்கும் கொஞ்சம் தடவிவிட்டால் இரண்டு வாய் சாப்பிடுவார். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது ரத்தத்திலும் ஏற்றுவார்கள். அது பெரிய டாக்டர்களின் வேலை, அதில் நான் மூக்கை நுழைப்பதில்லை. எங்கள் அறையில் இது ஆளைத் தூங்கவைக்காது, புலம்பவைக்காது. பட்ட இடத்தை மட்டும் கொஞ்ச நேரம் உணர்ச்சி இல்லாமல் வைத்துவிட்டுத் தானாக விலகிக்கொள்ளும்.

சாதுவான மருந்துதான் என்றாலும் அதோடு பழகும் முறை ஒன்று இருக்கிறது. புதிதாக வரும் நர்சுகளுக்கு அதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மருந்து இதற்கு முன் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று முதலில் கேள். மருந்தைக் கையில் எடுத்ததும் ஒரு முறை, கொடுப்பதற்கு முன் ஒரு முறை லேபிளை வாய்விட்டுப் படி. ஊசி என்றால் மருந்தைச் செலுத்துவதற்கு முன் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார். காது இரைகிறது, நாக்கில் இரும்பு ருசி தெரிகிறது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கிறது என்று நோயாளி சொன்னால், பயத்தில் உளறுகிறார் என்று நினைக்காதே. நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடு. ஸ்ப்ரேயை எத்தனை முறை அழுத்தினாய் என்று எண்ணி எழுது. எல்லாவற்றுக்கும் மேலே, வலி போகிற இடத்தில் காவலும் போய்விடும் என்பதை மறக்காதே. பல் டாக்டரிடம் போய்வந்த குழந்தை மரத்த உதட்டை ரத்தம் வரும்வரை கடித்துக்கொள்ளும், அதற்குத் தெரியாது. மரத்த தொண்டைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரியாது. வயிற்றுக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குள் போகும், சில சமயம் இருமல்கூட வராது. ஆகவே ஸ்ப்ரே அடித்து ஒரு மணி நேரம் முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. இதுதான் எங்கள் அறையின் விதி.

அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றத்தான் டேப் வந்தது. அது என் யோசனை. குழாயை எடுத்ததும் எல்லாரும் கேட்கும் முதல் வார்த்தை தண்ணீர்தான். கூட வந்தவர்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் எங்களிடம் வந்து, கொடுக்கலாமா, கொடுக்கலாமா என்று உயிரை எடுப்பார்கள். அதனால் ஸ்ப்ரே அடித்த நேரத்தை ஒரு வெள்ளை டேப்பில் பேனாவால் எழுதி நோயாளியின் புறங்கையில் ஒட்டத் தொடங்கினேன். சுவர்க் கடிகாரம் எதிரில் இருக்கிறது. டேப்பைப் பார், கடிகாரத்தைப் பார், ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் முதலில் ஒரு ஸ்பூன் கொடு, சரியாக விழுங்கினால் பிறகு குடிக்கக் கொடு. எட்டு வருடத்தில் ஒரு தவறு நடக்கவில்லை. நாளடைவில் ரெஜிஸ்டரைத் திறந்து பார்க்கும் பழக்கமே எங்களிடம் போய்விட்டது. டேப் என்ன சொல்கிறதோ அதுதான் நேரம். டாக்டர்கள்கூட டேப்பைத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் அறிக்கை சொல்வது இது. அந்த நோயாளிக்கு ஸ்ப்ரே அடித்த நேரம் ரெஜிஸ்டரில் பத்து நாற்பது என்று இருக்கிறது. டேப்பில் ஒன்பது நாற்பது என்று இருக்கிறது. மகள் அந்த டேப்பைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்ததால் வித்தியாசம் வெளியே வந்தது. ஆகவே இது "நேரம் குறித்ததில் ஏற்பட்ட கவனக்குறைவு". பத்தொன்பது வருடம் கரும்புள்ளி இல்லாத பணி என்பதால் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போதும். உங்கள் குழுவில் இருந்த நிர்வாக அதிகாரி என்னை வெளியே அனுப்பும்போது, "விடுங்க சிஸ்டர், யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். நல்ல மனிதர். ஆனால் நான் கவனக்குறைவாக எழுதவில்லை, டாக்டர். அந்த மூன்று இலக்கங்களையும் மிகவும் கவனமாக எழுதினேன்.

இறந்தவரை "எழுபத்திரண்டு வயது ஆண் நோயாளி" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். துணித் தொழிற்சாலையில் அவருக்கு டோக்கன்காரர் என்று பெயர். தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர். என் தங்கை அவருக்குக் கீழே ஏழு வருடம் சட்டைக் காலர் தைத்தாள்.

எனக்கும் தங்கைக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. தலை வாரிவிட்டது, ஸ்கூலில் சேர்த்தது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது எல்லாம் நான்தான். சிரித்தால் அவளுக்கு மேல் வரிசையில் ஒரு பல் மட்டும் முன்னால் எட்டிப் பார்க்கும். நான் கல்யாணம் செய்துகொள்ளாதது தன்னால்தான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். "முதல்ல என்னை யார் தலையிலயாவது கட்டிடு. அப்புறம் நீ யாரையாவது இழுத்துக்கிட்டு ஓடிடுக்கா, நான் போலீஸ்ல சொல்ல மாட்டேன்" என்பாள். அவளுக்கு எதிலும் விளையாட்டுதான். ஆனால் நான் ஒன்று சொன்னால் தட்ட மாட்டாள்.

தொழிற்சாலையில் ஆளுக்கு நாளைக்கு இரண்டு அலுமினிய டோக்கன். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு டோக்கனை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டும் தீர்ந்தால் சாயங்கால மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். குடிநீர் கேனும் அவர் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாராம். "குடிம்மா குடி, நல்லா குடி. அப்புறம் மூணாவது டோக்கன் கேட்டு எங்கிட்ட வராத" என்பாராம். பெண்கள் தாகத்தை அடக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு முறை யாரோ புகார் எழுதி அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு டோக்கன்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை, கேனுக்குப் பக்கத்தில் புது டம்ளர்கள் பளபளத்தன. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். இதெல்லாம் தங்கையோடு வேலை செய்த பெண்கள் பிறகு சொன்னது. அவள் வீட்டில் எதையும் சொன்னதில்லை.

இருபத்தாறு வயதில் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு காலையில் முகம் வீங்கியது. நான் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போயிருந்தன. காரணம் என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். "இதுதான்னு ஒன்னைக் காட்ட முடியாது சிஸ்டர். பிறவியிலயே சின்னதா இருந்திருக்கலாம். அடிக்கடி கிருமித் தொற்று வந்து கவனிக்காம விட்டிருக்கலாம். தண்ணி குடிக்காம, ஒன்னுக்கு அடக்கி வெச்சிருந்தாலும் தொற்று வரும்" என்றார். மூன்று காரணம் சொன்னார். எனக்கு ஒன்று போதுமாக இருந்தது.

இரண்டு வருடம் டயாலிசிஸ் நடந்தது. சிறுநீர் பிரியாத உடம்புக்குத் தண்ணீரே விஷம் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு நாளைக்கு மூன்று டம்ளர், மாத்திரை விழுங்குவதும் அதற்குள்ளேயே. நான்தான் அளந்து ஊற்றுவேன். ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அதை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பாள். கோடையில் ஒரு நாள் குளியலறைக் கதவைத் திறந்தேன். குழாய்க்கடியில் இரண்டு கையையும் குவித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அறைந்தேன். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டு, "சாரிக்கா" என்றாள்.

ஒவ்வொரு முறை நான் அவளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னபோதும் அந்த மேசையும் கைக்கடிகாரமும்தான் என் கண் முன்னால் நின்றன. இல்லை என்றது என் வாய், சொல்லவைத்தது அவர். அப்படித்தான் நான் அந்த இரண்டு வருடத்தையும் கடந்தேன். அவளுக்கு இருபத்தெட்டு முடிந்து ஒரு மாதத்தில், டயாலிசிசுக்குப் போக வேண்டிய நாள் காலையில், செருப்பை மாட்டக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை.

அன்று மத்தியானம் தொழிற்சாலையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள், அவரும் வந்தார். வெயில் கொளுத்தியது. தங்கையின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் மெல்ல, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். யாரோ ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணாந்து, வாய் வைக்காமல், மூச்சு விடாமல் முழுச் செம்பையும் குடித்தார். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியதைத் தரையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நான் யாரையும் அப்படி வெறுத்தது கிடையாது.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் பதினோரு வருடம் நின்றுகொண்டே இருந்தது. அதற்குள் இவர் நல்லபடியாக ஓய்வு பெற்றார், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார், கண்ணுக்கு ஆபரேஷன் செய்து கண்ணாடியைக்கூடக் கழற்றிவிட்டார். எல்லாவற்றையும் நான் விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, மறுநாளுக்கான எண்டோஸ்கோப்பி பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தேன். நெஞ்செரிச்சல், இரண்டு மாதமாக. டியூட்டியை மாற்றிக்கொண்டிருக்கலாம். மாற்றிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கே அவரை உள்ளே அழைத்துக்கொண்டேன். பட்டியலில் அவர் நான்காவது ஆள், அவ்வளவு சீக்கிரம் அழைக்கத் தேவையில்லை. ஆனால் வெளியே உட்கார்ந்திருக்கும் மகளுக்கு அப்பா ஒன்பதுக்கு உள்ளே போனார் என்பது மட்டும் தெரிந்தால் போதும். உள்ளே எப்போது என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. மாஸ்க்கும் தொப்பியும் போட்டிருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மாஸ்க் இல்லாமலிருந்தாலும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். "ரொம்ப வலிக்குமாம்மா?" என்று கேட்டார். "ஒன்னுமே தெரியாதுங்க" என்றேன்.

பத்து நாற்பதுக்கு ஸ்ப்ரே அடித்தேன். ஒத்துக்கொள்ளாமை உண்டா என்று கேட்டேன், லேபிளை இரண்டு முறை படித்தேன், டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு அழுத்தம்கூட அழுத்தவில்லை. ரெஜிஸ்டரில் பத்து நாற்பது என்று எழுதினேன். ரெஜிஸ்டரில் பொய் எழுத எனக்குக் கை வராது. பிறகு டேப்பைக் கிழித்து, ஒன்பது நாற்பது என்று எழுதி, அவர் புறங்கையில் ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டேன். கை வெதுவெதுப்பாக இருந்தது.

பத்து ஐம்பத்தைந்துக்கு அவரை ரெகவரி அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். மூன்று படுக்கை, பச்சைத் திரை, எதிரே கடிகாரம், உங்களுக்குத் தெரிந்த அறைதான். மகள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். துணிப்பையில் மாற்றுச் சட்டை, துண்டு, தண்ணீர் பாட்டில், டம்ளர் எல்லாம் எடுத்து வந்திருந்தாள். அவர் கண் திறந்ததும் தண்ணீர் என்று சைகை காட்டினார். அவள் உடனே கொடுத்துவிடவில்லை. உங்கள் அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் "உறவினரின் அவசரம்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அவள் எழுந்து என்னிடம் வந்தாள்.

"சிஸ்டர், அப்பா தண்ணி கேக்கறாரு. கொடுக்கலாமா?"

"கையில டேப் ஒட்டியிருக்கு பாருங்க. அதுல இருக்கிற நேரத்திலருந்து ஒரு மணி நேரம் ஆயிருந்தா கொடுக்கலாம்."

திரும்பிப் போய் டேப்பைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணினாள்.

"ஆயிடுச்சு சிஸ்டர். கால் மணி நேரம் கூடவே ஆயிடுச்சு."

"அப்போ கொடுங்க."

ஸ்பூனைப் பற்றி நான் சொல்லவில்லை. அவள் ஒரு கையால் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் டம்ளரை வாயில் வைத்தாள். "மெதுவாப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் குடித்தார், ஒரு தடவைகூட இருமவில்லை. இன்னும் வேண்டும் என்று கேட்டார், இன்னொரு டம்ளர் ஊற்றினாள். அடுத்த படுக்கையின் போர்வையை மடித்தபடி நான் அந்தத் தொண்டையைப் பார்த்தேன். என் கை எதிலும் படவில்லை, அது எனக்குத் திருப்தியாக இருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் தலையைத் தாங்கிக் கொடுக்க அவருக்கு ஒருத்தி இருந்தாள். என் தங்கைக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. போகும்போது அந்த மகள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்பீர்கள். ஆமாம், நினைத்தேன். நிச்சயமாகச் சாவார் என்று தெரியாது. சில பேருக்குத் தண்ணீர் சரியான பக்கமே போய்விடும், சிலருக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும். இவர் நுரையீரலில் நாற்பது வருடத்துப் பஞ்சுத் தூசி இருந்தது. வயிற்றிலிருந்து எதிர்த்து வரும் அமிலமும் இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சலும் இளைப்புமாக வந்து வார்டில் சேர்ந்தார்.

வார்டில் காசநோயா என்று பார்த்தார்கள், பருவக் காய்ச்சலா என்று பார்த்தார்கள். எங்கள் அறையை யாரும் சந்தேகப்படவில்லை, எங்கள் டேப்புக்கு அவ்வளவு நல்ல பெயர். தினமும் டியூட்டி முடிந்ததும் போய்ப் பார்த்தேன். மகளிடம், "தைரியமா இருங்கம்மா, வயசானவங்களுக்கு நெஞ்சுச்சளி கட்டறது சகஜம்" என்று சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் எனக்கு ஒரு குறை இருந்தது. தான் எதற்காக மூச்சுக்குத் தவிக்கிறோம் என்று தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். தெரியாமல் செத்தால் அது வியாதி. தெரிந்து செத்தால்தான் அது என் தங்கைக்கு நான் செய்தது ஆகும்.

ஆறாம் நாள் காலையில் மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தாலும் நினைவு தெளிவாக இருந்தது.

"என் தங்கச்சி உங்க கம்பெனியில மூணாவது லைன்ல காலர் தைச்சா" என்றேன். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி கிட்னி போயி செத்துட்டா."

என்னையே பார்த்தார். பிறகு மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"சிரிச்சா ஒரு பல்லு மட்டும் தெரியுமே, அந்தப் பொண்ணா?" என்றார். "நல்ல பொண்ணும்மா அது. வீட்டுக்குக்கூட வந்தேனே நானு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அது டோக்கனைத் தனக்குன்னு வெச்சுக்காது. அதோட ரெண்டையும் மத்த பொண்ணுங்களுக்குக் குடுத்துடும். ஏம்மா, நீ போக வேண்டாமான்னு கேப்பேன். 'எங்கக்கா ஆஸ்பத்திரியில நர்சு சார். வெளியில பாத்ரூம் போனா நோய் தொத்திக்கும், வீட்டுக்கு வந்துதான் போகணும்னு சொல்லியிருக்கு'ன்னு சொல்லும். அதுக்காகவே பொழுதன்னிக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காது. நானே ஒரு நாள் கேன்ல புடிச்சுக் குடுத்தேன். வாங்கி அப்படியே ஓரமா வெச்சிடுச்சு. 'அக்கா சொன்னா சொன்னதுதான் சார்'னு ஒரே சிரிப்பு."

மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் பழையபடி பொருத்திவிட்டேன். "பேசாதீங்க, மூச்சு வாங்குது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

வெளியிடத்துக் கழிப்பறைக்குப் போகாதே என்று நான் சொன்னது உண்மைதான். அவள் ஸ்கூலுக்குப் போன நாளிலிருந்து சொல்லியிருக்கிறேன். தங்கை இருக்கும் எல்லா அக்காக்களும் சொல்வதுதான் அது. கழிப்பறையில் தொற்றும் நோய்களை நான் தினமும் பார்க்கிறவள். அதற்காகத் தண்ணீரே குடிக்காதே என்று நான் சொல்லவில்லை. டோக்கன் என்று ஒன்று இருந்ததா இல்லையா? கைக்கடிகாரத்தைப் பார்த்தாரா இல்லையா? சாகப்போகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்பார்கள். நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், தாராளமாகச் சொல்வார்கள். அந்தப் பல்லைப் பற்றி அவர் சொன்னது மட்டும் சரி.

வார்டுக் கதவைத் தாண்டியதும் வராந்தாவில் அந்த வார்டு டாக்டர் என்னை நிறுத்தினார். கையில் எக்ஸ்ரே இருந்தது. "சிஸ்டர், வலது பக்கம் கீழதான் அடர்த்தியா இருக்கு. எண்டோஸ்கோப்பி அன்னிக்குத் தொண்டை மரத்திருக்கறப்பவே ஏதாவது குடிச்சுட்டாரா? அப்படின்னா இப்பவே மருந்தை மாத்தணும், குழாய் விட்டு உள்ளே இருக்கறதை உறிஞ்சிப் பார்க்கணும்" என்றார்.

"இல்ல டாக்டர். டேப்ல நேரம் பார்த்து, ஒரு மணி நேரம் தாண்டித்தான் குடிச்சார். நான் பக்கத்துலயேதான் இருந்தேன்" என்றேன்.

அவர் என் பேச்சை நம்பினார், என் பேச்சை நம்பாதவர்கள் இந்த ஆஸ்பத்திரியில் இல்லை. நோயாளி ஒன்பதாம் நாள் இறந்தார். வராந்தாவில் நான் சொன்ன பதிலை உங்கள் அறிக்கையின் எட்டாம் பக்கத்தில் எடுத்துக் காட்டி, டேப்பில் தவறு நேர்ந்தது எனக்கே தெரியவில்லை என்பதற்கு இதுவே சான்று என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். மருந்தை அன்றே மாற்றியிருந்தால் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்று அந்த டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். வராந்தாவில் நின்றபோதே எனக்கு அது தெரியும்.

அன்று காலை ஸ்டூலில் உட்காரும்வரை அவர் என் தங்கைக்காகத்தான் சாக வேண்டும் என்று இருந்தேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, இன்றும் இல்லை. வராந்தாவில் நான் சொன்ன பொய் மட்டும் அவளுக்காக இல்லை. மகள் அப்போதுதான் மருந்துப் பையோடு மாடியேறி வந்துகொண்டிருந்தாள். அவர் பிழைத்திருந்தால், எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொல்லியிருப்பார்.